பதினைந்தாவது ஆணி

அத்தியாயம் 11

கிளேபாங் கயிற்றுப் பட்டறையின் சுவரில் பதினான்கு ஆணிகள் அடிக்கப்பட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். தவறவிட்டவர்களுக்காக விதியை மட்டும் மறுபடி சொல்லிவிடுவது முறை.

ஒவ்வொரு பெண்ணும் தான் திரித்த கயிற்றுச் சுருள்களைத் தன் எண்ணுள்ள ஆணியில் மாட்ட வேண்டும். மாலையில் மேலாளர் ஒகுரா வந்து எண்ணுவார். அதிகம் திரித்தவளுக்கு ஒரு சுப்பாக் அளவு அரிசி. குறைவாகத் திரித்தவளின் ஆணியில் சிவப்பு மர வில்லை. தொடர்ந்து மூன்று நாள் வில்லை தொங்கினால் வேலைச் சீட்டு பறிபோகும். வேலைச் சீட்டு இல்லாதவளுக்குப் பட்டறையின் பங்கு அரிசியும் இல்லை.

முதல் நாளும் இரண்டாம் நாளும் வில்லை அஞ்சலையின் ஆணியில் தொங்கியது. இன்று மூன்றாம் நாள்.

காஜா பெராங்கில் ராஜரத்தினத்தின் வீட்டுக் கடிகாரம் ஆறரை காட்டியது. வெளியே விடியவில்லை. ஜப்பானியர் வந்த நாள்முதல் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்தைக் காட்டின. சூரியன் மட்டும் பழைய நேரத்திலேயே வந்துகொண்டிருந்தது.

ராஜரத்தினம் அவித்த மரவள்ளிக்கிழங்கை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். போருக்கு முன் புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பதினாறு ஆண்டுகள் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர்; இப்போது கயிற்றுப் பட்டறையின் கண்காணி. மனைவி சந்திரமதியும் தங்கை மல்லிகாவும் அதே பட்டறையில் கயிறு திரித்தார்கள்.

“என்னாங்க, அஞ்சலைக்காவப் பழையபடி நாருகிட்டயே ஒக்கார வைங்களேன்” என்றாள் சந்திரமதி.

“விதி என்னோடது இல்ல. துவான் ஒகுராவோடது.”

“ஆணி அடிச்சது யாரு?”

“நான்தான். அவரு அடிக்கச் சொன்னாரு.”

“அப்ப ஆணிக்கும் ஒங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

அவர் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். வேலைசெய்யும் மனிதர்களைப் பதினாறு ஆண்டுகள் பார்த்துப் பார்த்து அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். உழைப்பவர்கள் நான்கு வகை: அச்சத்தால் உழைப்பவர், அரிசிக்காக உழைப்பவர், பிறர் பார்வைக்காக உழைப்பவர், பழக்கத்தால் உழைப்பவர். ஒருவர் எந்த வகை என்று தெரிந்துவிட்டால், அவரிடம் எதைச் சொன்னால் வேலை நடக்கும் என்பதும் தெரிந்துவிடும். பட்டறையின் பதினான்கு பெயர்களில் பதின்மூன்றை இந்த நான்கு கட்டங்களுள் அவர் எழுதிவைத்திருந்தார். அஞ்சலையின் பெயர் மட்டும் எந்தக் கட்டத்திலும் அடங்காமல் பக்கத்தின் ஓரத்தில் நின்றது.

“என்னைய எதுல போட்டிருக்கீங்க?” சந்திரமதி எட்டிப் பார்த்தாள்.

“நாலாவதுல.”

“நாலாவதுன்னா?”

“பழக்கம்.”

“பதினெட்டு வருசமா ஒங்களுக்கு ஆக்கிப் போடுறேனே, அதுவும் அதுலதான் வருதா?”

மூலையில் அமர்ந்திருந்த மல்லிகா சிரிக்கவில்லை. ஆறு வயது மகள் ஜெயாவின் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை எடுத்த பின்பும் அழுத்திய குழி அப்படியே இருந்தது. அரிசியும் பயறும் கிடைக்காத வீடுகளில் குழந்தைகளின் கால்கள் இப்படி வீங்கின. இரண்டு நாளும் முதலாவதாக வந்து மல்லிகா வாங்கிய இரண்டு சுப்பாக் அரிசியில் ஜெயாவுக்குக் கஞ்சி நடந்தது. மல்லிகாவின் கணவன் பொன்னுதுரை வேலைக்கென்று சிங்கப்பூர் துறைமுகத்துக்குப் போய்ப் பதினொரு மாதமாகச் செய்தி இல்லை.

அண்ணனின் குறிப்பேட்டில் மல்லிகா இரண்டாவது கட்டத்தில் இருந்தாள். அது அவளுக்கும் தெரியும்.

ராஜரத்தினம் மிதிவண்டியில் முன்னால் போனார். அதன் சக்கரங்களில் காற்றுக்குழாய் கிடையாது. உள்ளே பழைய கயிறு திணிக்கப்பட்டிருந்தது. பெண்கள் இருவரும் நடந்தார்கள். ஜெயாவை எதிர்வீட்டில் விட்டிருந்தார்கள்.

கடற்கரைச் சாலை தொடங்கும் இடத்தில் சந்திரமதி பேச்சை எடுத்தாள்.

“இன்னிக்கி எல்லாரும் திரிச்சத ஒண்ணாக் குவிச்சிச் சாயங்காலம் பிரிச்சி மாட்டப் போறோம். அஞ்சலைக்கா நாரு மட்டும் பாக்கட்டும்.”

“எல்லாரும்னா?”

“நேத்து எல்லார்கிட்டயும் பேசிட்டேன். நீ ஒருத்திதான் பாக்கி.”

“அப்ப அரிசி யாருக்கு?”

“யாருக்கும் அதிகமா வராது.”

மல்லிகா நடையை எட்டிப் போட்டாள்.

“என் கை திரிச்சது என் ஆணியிலதான் தொங்கும், அண்ணி. அஞ்சலைக்காமேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா அவுங்களுக்குக் கால் வீங்குற புள்ள இல்ல.”

“நான் ஒன்னக் கட்டாயப்படுத்தல.”

“படுத்தினாலும் நடக்காது.”



பட்டறை என்பது நீண்ட கூரையும் ஒரு பக்கச் சுவரும் மட்டுமே. கடலோரக் குழிகளில் மாதக்கணக்கில் ஊறிய தேங்காய் மட்டைகளைத் தட்டி நார் எடுப்பார்கள். ஒருத்தி ராட்டையைச் சுற்ற, மற்றவர்கள் இடுப்பில் நாரைக் கட்டிக்கொண்டு, அதை விரலால் ஊட்டியபடியே பின்னோக்கி நடப்பார்கள். நடக்க நடக்கக் கயிறு நீளும்.

நார் நன்றாயிருந்தால் கயிறு அறாது. நாரில் மட்டைச் சோறு எனும் துகளும் சக்கையும் கலந்திருந்தால் பத்தடிக்கு ஒருமுறை அறும். அறுந்தால் ராட்டை நிற்கும்; அதில் திரிக்கும் அத்தனை பேரும் நிற்பார்கள்.

ஆணிகள் வருவதற்கு முன் அஞ்சலை கயிறே திரித்ததில்லை. நார்க்குவியலருகே அமர்ந்து, சக்கையை உதறி, நீளம் பார்த்து, ஆளுக்கேற்பப் பிடிபிடியாக எடுத்துக் கொடுப்பாள். யாருக்கு மெல்லிய நார் ஒத்துவரும், யாருக்கு முரட்டு நார் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த வேலைக்குப் பெயர் இல்லை. ஆகவே அதற்கு ஆணியும் இல்லை. ஒகுராவின் விதிப்படி அவளும் திரிக்க வந்தாள். திரித்துக்கொண்டிருக்கும்போதே நான்கு பக்கமிருந்தும் “அஞ்சலைக்கா, நாரு கழுத்தறுக்குது!” என்று குரல் வரும். கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவாள். மாலையில் அவள் ஆணியில் நான்கோ ஐந்தோ சுருள்கள் தொங்கும்.

இன்று அவள் திரிக்க வரவில்லை. நார்க்குவியலருகே பழைய இடத்தில் அமர்ந்தாள்.

ராஜரத்தினம் பார்த்தார். விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். விசில் ஒலித்தால் அஞ்சலை எழுந்து வந்தாக வேண்டும்.

“கிராணி ஐயா, காத்து வாங்கத்தான் அத வாயில வெச்சிருக்கீங்களா?” என்றாள் தெய்வானை. கோவில் தெருவுக்கு அப்பால் பல தலைமுறைகளாக வாழும் செட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தவள்; வீட்டில் மலாய், பட்டறையில் கலப்புத் தமிழ். “ஊதுறதுன்னா ஊதுங்க. இல்லன்னா சுடாலா, விட்டுடுங்க. எங்களுக்கு வேல இருக்குது.”

பெண்கள் சிரித்தார்கள். அவர் விசிலைக் கீழே இறக்கினார். வாயிலருகே அவருடைய தொப்பிக்கென்று ஓர் ஆணி இருந்தது. தொப்பியோடு விசிலையும் அதில் மாட்டிவிட்டு, ராட்டைகள் எத்தனை முறை நிற்கின்றன என்று குறிக்கத் தொடங்கினார்.

நேற்று ஐம்பத்து மூன்று முறை நின்றிருந்தன. இன்று நண்பகல் உணவுவரை ஆறு. மாலைவரை பதினொன்று.

அவர் அந்தப் பதினொன்றை இருமுறை அடிக்கோடிட்டார். அச்சம், அரிசி, பார்வை, பழக்கம் என்ற நான்கில் எதுவும் இன்று கூடவில்லை. மாறியது ஒருத்தி உட்கார்ந்த இடம் மட்டுமே. குறிப்பேட்டில் அதை எங்கே எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

வேலை முடிய அரைமணி இருக்கும்போது, ராட்டைகளுக்குப் பின்னால் தெய்வானை பாயை விரித்தாள். பன்னிரண்டு பேர் தங்கள் சுருள்களை அதில் கொட்டினார்கள். அஞ்சலையிடம் கொட்ட ஒன்றுமில்லை. மல்லிகா தன் பதின்மூன்று சுருள்களைக் காலருகே வைத்துக்கொண்டு தனியே நின்றாள்.

பிரிக்கும் பொறுப்பு தெய்வானைக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. காஜா பெராங் அம்மன் கோவிலில் கூழ் ஊற்றும் நாளில் எல்லா வீட்டு மாவும் ஒரே அண்டாவில் விழும். பிடி மாவு கொண்டுவந்தவளுக்கும் மூட்டை மாவு கொடுத்தவளுக்கும் ஒரே அகப்பை. ஒரு சட்டியில் ஒரு விரல் ஏறினாலும் பின்னால் நிற்பவர்கள் விடமாட்டார்கள். அந்த அகப்பையைப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிடித்தவள் தெய்வானை. இந்தப் பெண்களுக்குப் பங்கு என்றால் சமப்பங்குதான். வேறுவிதமாகப் பிரிக்க அவர்கள் பழகியதில்லை.

“ஒம்பது, ஒம்பது, ஒம்பது…” என்று அடுக்கிக்கொண்டே போனவள் இறுதியில் நின்றாள். பதின்மூன்று பேருக்குப் பங்கு. ஒன்பது பேருக்கு ஒன்பதொன்பது வந்தது. கடைசி நான்கு பேருக்கு எட்டெட்டுதான் இருந்தது.

“நாலு கொறையுது.”

“கொறஞ்சா கொறஞ்சிட்டுப் போவுது” என்றாள் சந்திரமதி. “அஞ்சலைக்காவுக்கு ஒம்பது குடு. நாலு பேருக்கு எட்டுன்னா சிவப்பு யாருக்காச்சும் ஒருத்திக்கு மொத நாளா வரும். ஒண்ணும் ஆயிடாது.”

“அது எப்படி? எனக்கு எட்டு, அவளுக்கு ஒம்பதா?” என்றாள் ஒருத்தி. விளையாட்டாகத்தான் சொன்னாள். இருந்தாலும் சொன்னாள்.

அஞ்சலை எழுந்தாள். “எனக்கு எட்டு போதும், தாயி. நாளைக்கி நான் வரலன்னாலும் நாரு காஞ்சிடாது.”

 மல்லிகா குனிந்தாள். தன் குவியலிலிருந்து நான்கு சுருள்களை எடுத்து, ஒவ்வொன்றாகப் பாயில் எறிந்தாள். நான்காவதைச் சற்று வேகமாகவே எறிந்தாள்.

“எடுத்துக்கங்க. யாரும் என் மூஞ்சியப் பாக்காதீங்க.”

பதினான்கு ஆணிகளிலும் ஒன்பது ஒன்பதாகச் சுருள்கள் ஏறின. பெண்கள் பார்த்து நிறைவடைந்தார்கள்.

அவர்கள் செய்த பிழை அதுதான். மல்லிகா அந்த நான்கையும் தன்னிடமே வைத்திருந்தால் சுவரில் ஒரு பதின்மூன்றும் சில ஒன்பதுகளும் நான்கு எட்டுகளும் தொங்கியிருக்கும். எவருக்கும் ஐயம் எழுந்திராது. அவள் கொடுத்த நான்கு சுருள்கள் சுவரைப் பேசவைத்துவிட்டன.

ஒகுரா சீருடை அணியாத ஜப்பானியர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் நிறுத்துக் கடிகாரம். போருக்கு முன் தம் நாட்டில் ஒரு நூற்பாலையில், மனிதர்கள் வேலை செய்யும்போது கைகள் எப்படி அசைகின்றன என்று கடிகாரம் வைத்து அளந்தவராம். அவர் அடித்ததாகவோ கத்தியதாகவோ எவரும் கூறியதில்லை. அதனால் அவரைக் கண்டு பெண்கள் கூடுதலாக அஞ்சினார்கள்.

முதல் ஆணியை எண்ணினார். இரண்டாவதை எண்ணினார். ஐந்தாவதற்குப் பின் எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சுவரிலிருந்து நான்கடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார்.

“ராஜா” என்றார். ராஜரத்தினத்தின் பெயரை அவர் அதற்கு மேல் சொன்னதில்லை. பேச்சு மலாயில் நடந்தது. “நேற்று ஐந்து இருந்தது, பன்னிரண்டு இருந்தது. இன்று பதினான்கு பேருக்கும் ஒரே கையா?”

“துவான், மொத்தம் நூற்று இருபத்தாறு. இந்தப் பட்டறையில் இதுவரை இவ்வளவு வந்ததில்லை.”

“மொத்தத்தை நான் கேட்கவில்லை. யார் பிரித்தது?”

ஒகுரா பெண்களின் பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டார்.  ராஜரத்தினம் மனைவியைப் பார்க்காமலிருக்க முயன்றார். பார்க்காமலிருப்பதும் ஒருவகைச் சாடைதான் என்று எண்ணி, எல்லாரையும் வரிசையாகப் பார்த்தார்.

“சரி” என்றார் ஒகுரா. சட்டைப்பையிலிருந்து சிவப்பு வில்லையை எடுத்து ராஜரத்தினத்தின் கையில் வைத்தார். “விதி மாறாது. ஒவ்வொரு மாலையும் இது ஓர் ஆணியில் தொங்க வேண்டும். எல்லாரும் சமம் என்றால் நீயே ஆளைத் தேர்ந்தெடு. கண்காணி எதற்கு இருக்கிறான்?”

வில்லை உள்ளங்கையைவிடச் சிறியது. எங்கு மாட்டினாலும் விதி நிறைவேறும். அஞ்சலையின் ஆணியில் மாட்டினால் மூன்றாம் நாள். ஒகுரா அமைதியாகப் போய்விடுவார், யார் பிரித்தது என்ற கேள்வியும் ஒருவேளை அதோடு போய்விடும். வேறொருத்தியின் ஆணியில் மாட்டினால், அவள் மற்றவர்களைவிடக் குறைவு என்று ஒரு பொய்யைக் கண்காணியே சுவரில் எழுதியதாகும். அவள் நாளைமுதல் யாருக்கும் ஒரு சுருள்கூடக் கொடுக்கமாட்டாள். பதினாறு ஆண்டுகளில் அந்த அளவுக்காவது அவருக்கு மனிதர்களைத் தெரியும்.

அவர் நடந்தார். ஏழாம் ஆணி மனைவியுடையது, கடந்தார். ஒன்பதாவது மல்லிகாவுடையது, கடந்தார். பதினான்காவது அஞ்சலையுடையது. அங்கே அவர் நின்றபோது அஞ்சலை தன் சேலைத் தலைப்பில் முடிந்திருந்த வேலைச் சீட்டை அவிழ்க்கத் தொடங்கினாள்.

“இரு” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் வாயில்வரை நடந்து, தொப்பி மாட்டிய ஆணியில் வில்லையை மாட்டினார்.

“இன்று நான் ஒரு முழம்கூடத் திரிக்கவில்லை, துவான். குறைவு என்னுடையதுதான்.”

ஒகுரா நெடுநேரம் அந்த ஆணியைப் பார்த்தார். கோபம் தெரியவில்லை. கணக்குச் சரியாக வந்துவிட்டதைக் கண்ட ஆசிரியரின் முகம்தான் தெரிந்தது. சுண்ணக்கட்டியை எடுத்து ஆணிக்கு மேலே பதினைந்து என்று எழுதினார். தொப்பியை எடுத்து ராஜரத்தினத்திடம் கொடுத்தார். விசிலை எடுத்துத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“திரிப்பவனுக்கு இது வேண்டியதில்லை. நாளை நீயும் திரி. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.” பிறகு பெண்களைப் பார்த்து, “பிரித்தவளைத் தண்டிக்க மாட்டேன். விசில் இல்லாமல் பதினான்கு பேரை ஒருநாள் நடத்தியவள் எனக்கு வேண்டும். நாளை காலைக்குள் பெயர் வேண்டும்” என்றார்.

தண்டிக்க மாட்டேன் என்பதை எவரும் நம்பவில்லை. வேண்டும் என்பதை எல்லாரும் நம்பினார்கள். சென்ற மாதம் அடுத்த பட்டறையில் ஒரு பெண்ணை இப்படி வேண்டும் என்று அழைத்துப்போனவர்கள், அவளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று இன்னும் சொல்லவில்லை.

அன்று எவருக்கும் சுப்பாக் அரிசி கிடைக்கவில்லை.

கடிகாரம் ஏழு காட்டியபோது காஜா பெராங்கில் வெயில் இன்னும் முற்றத்தில் கிடந்தது. ராஜரத்தினம் வேலியோரம் ஒரு பிடி நாரை வைத்துக்கொண்டு திரிக்கப் பழகினார். சந்திரமதி மறுமுனையைப் பிடித்து முறுக்கினாள். அறுந்தது. மறுபடியும் அறுந்தது.

“ரொம்ப இறுக்குறீங்க. நாரு என்ன, தோட்டத்து ஆளா?”

“ஒம் பேர் வெளிய வந்துடும், சந்திரா.”

“வந்தா வருது. அந்தக் கைய மேல தூக்குங்க.”

“நீ போயிட்டா…” அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. கயிறு மூன்றாம் முறையாக அறுந்தது.

மல்லிகா இன்னும் வரவில்லை. சும்மாட்டுத் துணியை மறந்துவிட்டதாகச் சொல்லிப் பாதி வழியில் பட்டறைக்குத் திரும்பியவள். எதிர்வீட்டிலிருந்து ஜெயா மூன்று முறை வந்து அம்மாவைக் கேட்டுவிட்டாள்.

ஒரு மணிநேரம் கழித்து மல்லிகா வந்தாள். அண்ணனையும் அண்ணியையும் தாண்டி நேரே அடுப்படிக்குப் போய்த் துணி மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே அரிசி இருந்தது. ஒரு சுப்பாக் அல்ல, மூன்று சுப்பாக்காவது இருக்கும்.

சந்திரமதி வாசலிலேயே நின்றுவிட்டாள். “இன்னிக்கி யாருக்கும் அரிசி குடுக்கலையே.”

“குடுத்தாரு.”

“எதுக்கு?” என்றார் ராஜரத்தினம்.

“பேர் கேட்டாருல்ல. சொன்னேன்.”

கையிலிருந்த நாரை அவர் கீழே போட்டார். சந்திரமதியின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கைகள் மட்டும் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டன.

“யார் பேரச் சொன்னே, மல்லிகா?” என்று கேட்டாள்.

மல்லிகா அரிசியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

“என் பேரத்தான். நான்தான் பிரிச்சேன்னு சொன்னேன். வேற யார் பேரச் சொல்லணும்? ஒங்க பேரயா, அண்ணி?”

 அவள் செய்தது அரிசிக்காகவா, அண்ணிக்காகவா என்று அவளையே கேட்டிருந்தால் அந்த நேரத்தில் அவளாலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. ராஜரத்தினத்தின் கை குறிப்பேட்டை நோக்கிப் போய், பாதியில் நின்றது.

“எங்கயாச்சும் அனுப்பப் போறாரா ஒன்ன?” என்றாள் சந்திரமதி மெல்ல.

“இல்ல. இங்கயேதான்.”

மூட்டையின் அடியில் கைவிட்டு மல்லிகா இன்னொன்றை எடுத்தாள். ராஜரத்தினத்தின் விசில். அதை அரிசிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பானையை எடுத்துத் தண்ணீர் ஊற்றினாள்.

“நாளைக்கி ஏழரைக்கு முன்னாடி வந்துடணும், அண்ணே” என்றாள், திரும்பிப் பார்க்காமல். “யாரா இருந்தாலும்.”